இருநூற்று அறுபத்தொன்றாம் எண்

யோகநாதனுக்குத் துப்பாக்கி என்றால் பயம். பழைய பெல்ஜியத்து ரிவால்வர் ஒன்றைப் பற்றி வளைகுடா முழுவதிலும் அவரளவுக்குத் தெரிந்தவர் ஒருவரும் இருந்திருக்கமாட்டார்; ஆனால் அதைக் கையில் எடுக்கச் சொன்னால் மனிதர் இரண்டடி பின்னால் போய்விடுவார். "மாஃபி தோட்டா, யோகா, மாஃபி, ஒன்றும் இல்லை" என்று முதலாளி அபு நாசர் எத்தனையோ தரம் உருளையைத் திறந்து வெறும் ஓட்டைகளைக் காட்டியிருக்கிறார். கேட்டால்தானே! எண்ணை மட்டும் வாசித்துச் சொல்லுங்கள், அது போதும் என்பார்.

எண் என்றால் அவருக்கு உயிர். யாழ்ப்பாணத்தில் சுழிபுரத்துக்காரர். கொழும்பில் அரசாங்கப் புள்ளிவிபரக் கந்தோர் ஒன்றில் வருடக்கணக்காக எழுதுவினைஞராக இருந்தவர். சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனாலும் கூடையில் நாலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மொத்தக் கூடையில் எத்தனை சொத்தை இருக்கும் என்று கடைக்காரனுக்கே சொல்லுவார். கடைக்காரன் முறைப்பான். கொட்டிப் பார்த்தால் அநேகமாகச் சரியாக இருக்கும். ஒரு மனிதன் சொல்வது எப்போதும் சரியாக இருந்துவிட்டால், அவன் பிழையாகச் சொல்லும் நாளிலும் ஊர் நம்பிவிடும். யோகநாதன் விஷயத்தில் அவரே தன்னை நம்பிவிட்டார்.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் கொழும்பில் குடியிருந்த வீடு எரிந்தது. அடுத்த வருடமே குவைத்துக்கு விமானம் ஏறினார். குளியலறைச் சாமான்கள் இறக்குமதி செய்யும் அபு நாசரின் கம்பனியில் ஸ்டோர் கிளார்க் வேலை கிடைத்தது. எண்பதில் மனைவி சிவகொழுந்தும் வந்து சேர்ந்தாள். ஃபர்வானியாவில் பெண்களுக்கு உடுப்புத் தைக்கும் கடையொன்றில் அவளுக்கு வேலை. இரண்டு குடும்பங்கள் பங்குபோட்ட ஃபிளாட்டில் ஓர் அறை இவர்களுக்கு.

ஒரே பிள்ளை குகதாசன் ஊரில் சின்னம்மா வீட்டில் நின்று படித்தான். அவனையும் கூப்பிட்டு அப்பாசியாவில் இந்தியப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்போம் என்று சிவகொழுந்து கெஞ்சாத நாள் இல்லை. யோகநாதன்தான் ஒற்றைக்காலில் நின்றார். பெடியன் கணக்கில் புலி, யாழ்ப்பாணத்துக் கணக்கு வாத்திமாரைப்போல உலகத்தில் வேறெங்கும் கிடையாது, அவன் பல்கலைக்கழகத்துக்கு எடுபடட்டும், பிறகு பார்ப்போம் என்று சாதித்துவிட்டார். அந்த ஒற்றைக்காலை நினைத்துப் பின்னாளில் அவர் அழுத அழுகை கொஞ்சமல்ல.

அபு நாசருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. அந்த ஊரில் வசதியானவர்கள் வல்லூறு வளர்ப்பார்கள், ஒட்டகத்தை ஓட்டப்பந்தயத்துக்கு விடுவார்கள். இவர் பழைய ரிவால்வர் சேர்த்தார். அனுமதிப் பத்திரமெல்லாம் முறையாக வைத்திருந்தார். விருந்தாளிகளை உட்காரவைக்கும் திவானியாவில் ஒரு கண்ணாடி அலமாரி முழுக்க அவைதான். அவற்றில் அவருக்குச் செல்லப்பிள்ளை, லியேஜ் நகரத்தில் ஒரு சின்னப் பட்டறை செய்தது. தந்தப் பிடி. உடம்பில் 226 என்று எண் வெட்டியிருக்கும். அந்தப் பட்டறை முதலாம் யுத்தத்தில் எரிந்து, அதன் கணக்கு வழக்கெல்லாம் சாம்பலாகிவிட்டது. ஆகவே மொத்தம் எத்தனை செய்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. ஐம்பது என்பான் ஒருத்தன், ஆயிரம் என்பான் இன்னொருத்தன். விற்க வருகிறவன் குறைத்துச் சொல்லுவான், வாங்க வருகிறவன் கூட்டிச் சொல்லுவான். இந்த வாய்ச்சவடால் அலுத்துப்போய் அபு நாசர் ஒருநாள் யோகநாதனைக் கூப்பிட்டார்.

"நீ கணக்குக்காரன்தானே? எத்தனை என்று சொல்லு பார்ப்போம்."

யோகநாதனுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அன்றிலிருந்து ஏலக் கம்பனிகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் சேகரிப்புக்காரர்களுக்கும் முதலாளி பெயரில் கடிதம் போட்டார். உங்களிடம் இருப்பதை விற்க வேண்டாம், படம் வேண்டாம், எண் ஒன்றை மட்டும் எழுதுங்கள் என்பதுதான் கேள்வி. இரண்டு வருடத்தில் பதினான்கு எண்கள் வந்து சேர்ந்தன. பெரியது 406.

வழி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பதினான்கு எண்களைக் கண்டதற்குள் 406 வரை வந்துவிட்டோம் என்றால், சராசரியாக இருபத்தொன்பதுக்கு ஒன்று நம் கண்ணில் பட்டிருக்கிறது. கடைசியாகக் கண்டதற்கு அப்பாலும் அப்படியோர் இடைவெளி இருக்கும் என்று வைத்து, இருபத்தொன்பதைக் கூட்டிவிட வேண்டியதுதான். நானூற்று முப்பதுக்கு அங்கே இங்கே. இதைக் கேட்டதும் அபு நாசரின் முகம் சுருங்கிப்போயிற்று. நானூறு பேரிடம் இருக்கும் பொருளை வைத்துக்கொண்டா இவ்வளவு காலம் மீசையை முறுக்கினோம் என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

யோகநாதனுக்கும் மனம் ஆறவில்லை. எண்களை நூறு நூறாகப் பிரித்து, நிரல் நிரலாக எழுதிப் பார்த்தார். அப்போதுதான் கண்ணில் தைத்தது. 3, 17, 22, 41 என்று முதல் நிரல். அடுத்தது 108, 115, 139. அதற்கடுத்தது 204, 226, 237. எந்த நூறிலும் நாற்பத்தொன்றுக்கு மேல் ஒன்றுமே இல்லை. ஐம்பதும் இல்லை, எழுபதும் இல்லை, தொண்ணூறும் இல்லை. நிரல்கள் எல்லாம் மேலே நிறைந்து கீழே வெறுமையாகக் கிடந்தன. பட்டறைக்காரன் ஒவ்வொரு ஓடருக்கும் புது நூறில் தொடங்கியிருக்கிறான், நாற்பது நாற்பத்தைந்து செய்ததும் நிறுத்திவிட்டு அடுத்த நூறுக்குத் தாவியிருக்கிறான். மீதி எண்கள் செய்யப்படவே இல்லை. கூட்டிப் பார்த்தால் மொத்தமே இருநூறு தேறினால் பெரிய காரியம்.

அபு நாசர் எழுந்து வந்து யோகநாதனின் நெற்றியில் முத்தமிட்டார். ஒரு பெட்டி பேரீச்சம்பழமும் வீட்டுக்கு வந்தது. "துவக்கு எண்ணினதுக்குப் பேரீச்சம்பழமோ?" என்று சிவகொழுந்து சிரித்தாள். வாயெல்லாம் பல்லாக அவள் சிரித்த கடைசிக் காலம் அதுதான்.

எண்பத்தைந்து பங்குனியில் செய்தி வந்தது. டியூஷன் முடிந்து வந்துகொண்டிருந்த குகதாசனை ராணுவத்தின் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வீதியில் கிடந்த சைக்கிளை அயலவர் ஒருவர் உருட்டிக்கொண்டுவந்து வீட்டில் விட்டிருக்கிறார். பத்தொன்பது வயது. அன்று அந்தப் பக்கத்தில் பிடிபட்டவர்களை நாட்டின் தெற்கே, கடலோரத்து முகாம் ஒன்றுக்கு ஏற்றியதாகக் கதை. யார் யார், எத்தனை பேர் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. உள்ளே ஆளுக்கொரு நம்பர் என்பது மட்டும் தெரிந்தது. நம்பரைச் சொன்னால்தான் வாசலில் நிற்கும் தாய்க்குப் பிள்ளையைக் காட்டுவார்கள். நம்பர் தெரியாத தாய்மார் வேலியைப் பார்த்துவிட்டுத் திரும்பவேண்டியதுதான்.

குவைத்தில் இருந்த நம்மவர்களுக்கும் அந்த நம்பர்கள் வந்துகொண்டிருந்தன. ஒருவருக்கு வந்த கடிதத்தில் ஒன்று, இன்னொருவருக்கு மனைவி பேசி அனுப்பிய கசெட்டில் ஒன்று. வெள்ளிக்கிழமைகளில் லீவுதானே, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆனந்தராசாவின் ரூமில் கூடுவார்கள். ஆனந்தராசா ஏசி மெக்கானிக். அவருடைய தமக்கை மகனையும் காணவில்லை. மன்னாரைச் சேர்ந்த பத்திநாதனும் வருவார். யாழ்ப்பாணம் வந்திருந்த அவருடைய தம்பியையும் அன்றிலிருந்து காணவில்லை. யோகநாதன் மூலையில் இருந்து வந்த நம்பர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டே போனார். இருபத்தெட்டு நம்பர் சேர்ந்தது. பெரியது 336.

"பன்னிரண்டுக்கு ஒண்டு எங்கட காதுக்கு வந்திருக்கு" என்றார் யோகநாதன். "அப்ப முந்நூத்தி நாப்பத்தேழு, நாப்பத்தெட்டுப் பேர் உள்ள இருக்கோணும். எங்களுக்குத் தெரிஞ்சது இருபத்தெட்டுப் பேர்."

"அப்ப மற்றவை?" என்று ஆனந்தராசா கேட்டார்.

"மற்ற முந்நூத்திச் சொச்சமும் உள்ளதான் இருக்கினம். எங்களுக்குப் பேர் வரேல்லை, அவ்வளவுதான். உங்கட மருமோன், பத்தியின்ர தம்பி, என்ர பெடியன்... எல்லாரும் அதுக்குள்ளதான்."

அந்த அறையில் மூச்சு திரும்பி வந்தது போல இருந்தது. முதலாளியின் துப்பாக்கிக் கதையை எல்லோருக்கும் யோகநாதனே சொல்லியிருந்தார். ஆகவே இந்த மனிதர் சும்மா அளக்கிற ஆள் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். தேவாலயத்தில் தம்பியின் ஆத்துமாவுக்காகப் பூசை வைக்கப் பெயர் கொடுத்திருந்த பத்திநாதன், அடுத்த நாளே போய்ப் பெயரை எடுத்துவிட்டார். உயிரோடு இருப்பவனுக்கு இறந்தவர் பூசை வைப்பது எவ்வளவு பாவம்!

அந்தத் தாளைப் பற்றி ஒன்று சொல்லத்தான் வேண்டும். வந்த நம்பர்களை யோகநாதன் வந்தபடியே ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக்கொண்டு போனார். முப்பது ஐம்பதானது, ஐம்பது எண்பதானது. ஒரு நாளாவது அவற்றை நூறு நூறாகப் பிரித்து நிரல் போட்டாரா என்றால், இல்லை. ஐந்து நிமிட வேலை. துப்பாக்கிக்குச் செய்த மனிதர் பிள்ளைகளுக்குச் செய்யவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இது தெரியாத முதுகு அல்ல, திரும்பிப் பார்க்கப் பயந்த முதுகு.

வீட்டில் சிவகொழுந்து இந்தக் கணக்கைத் தன் வழியில் எடுத்துக்கொண்டாள். ஒருநாள் தைத்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, இருநூத்தி அறுவத்தொண்டு ஆரும் இருக்கினமே?"

"இன்னும் பேர் வரேல்லை. ஏன்?"

"பிள்ளை பிறந்தது முதல் மாசம், தை இருபத்தாறெல்லே. இருபத்தாறும் ஒண்டும். அதாத்தான் இருக்கும் எண்டு என்ர மனம் சொல்லுது."

புள்ளிவிபரக் கந்தோரில் வேலைபார்த்த மனிதர் அந்த இடத்தில் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அப்படியெல்லாம் கணக்கில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அவளுடைய முகத்தைப் பார்த்தார். ஏழெட்டு மாதத்தில் முதல் தடவையாக அதில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. "இருக்கலாம்" என்றார்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. வெளிநாட்டு மனித உரிமைக்காரர்களுக்கு எழுதிய மனுவில் முதலில் "குகதாசன், 261ஆக இருக்கலாம்" என்று எழுதினார்கள். அடுத்த மனுவில் "இருக்கலாம்" உதிர்ந்துபோயிற்று. அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்த பிள்ளையார் படத்துக்கு முன்னால் பெயரும் நட்சத்திரமும் சொல்லி வேண்டும்போது சிவகொழுந்து நம்பரையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கினாள். பிள்ளையார் முகாம் வாசலில் போய்க் கேட்டாலும் நம்பர் வேண்டும்தானே. பிள்ளை வெளியே வந்ததும் போடுவதற்கென்று ஒரு சேர்ட்டும் தைத்தாள். இரண்டு வருடத்தில் தோள் அகன்றிருக்கும் என்று கொஞ்சம் பெரிதாகவே வெட்டினாள்.

எண்பத்தாறு கடைசியில் அபு நாசரிடம் ஒரு லெபனான்காரத் தரகன் வந்தான். வெல்வெட் பெட்டியைத் திறந்தான். அதே லியேஜ் பட்டறை, அதே தந்தப் பிடி. அபு நாசரின் கண்கள் விரிந்துவிட்டன. யோகநாதனைக் கூப்பிட்டார். யோகநாதன் வழக்கம்போல இரண்டடி தள்ளி நின்றுகொண்டு எண்ணைக் கேட்டார்.

"இருநூற்று அறுபத்தெட்டு" என்றான் தரகன்.

"கள்ளச் சாமான்" என்றார் யோகநாதன்.

தரகன் குதித்தான். இந்த ஆள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லையே என்று கத்தினான். யோகநாதன் அசையவில்லை.

"தொட வேண்டியதில்லை. இருநூறுகளில் நாற்பத்தைந்துக்கு மேல் அவர்கள் செய்யவில்லை. அறுபத்தெட்டு என்று ஒன்று பிறக்கவே இல்லை."

"கலாஸ், முடிந்தது" என்று அபு நாசர் பெட்டியை மூடிவிட்டார். தரகன் திட்டிக்கொண்டே போனான். அன்று சாயந்தரம் யோகநாதன் வீட்டுக்குப் போய், கைகால் கழுவி, தேத்தண்ணி குடித்துவிட்டு உட்கார்ந்து, இன்னொரு மனுவில் 261 என்று எழுதினார். எழுதும்போது மனிதருக்கு எங்கேயாவது உறுத்தியிருக்காதா? உறுத்தியிருக்கும். சிவகொழுந்து பக்கத்தில் இருந்து சேர்ட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்த உறுத்தலை எடுத்து வெளியே வைக்கமுடியும்?

அடுத்த வருடம் வைகாசியில் மகேசன் வந்தான். முன்பு லொறி ஓட்டியவன், முப்பது வயதுக்கு மேல். அதே முகாமில் இரண்டு வருடம் இருந்து வெளியே வந்தவன். உறவினர் ஒருவர் விசா எடுத்துக்கொடுக்க, டிரைவர் வேலைக்குக் குவைத்துக்கு வந்திருந்தான். அந்த வெள்ளிக்கிழமை ஆனந்தராசாவின் ரூமில் கால் வைக்க இடமில்லை. மகேசனுக்குப் புட்டும் மீன்குழம்பும் போட்டு, அவன் சாப்பிடும்வரை ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்று ஆனந்தராசா கட்டளை போட்டிருந்தார். யோகநாதனால் பொறுக்க முடியவில்லை. தாளை மடியில் வைத்துக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தார்.

"தம்பி, உள்ள மொத்தம் எத்தினை பேர் இருக்கினம்?"

"நூத்தி ஐம்பத்திநாலு பேர் அண்ணை" என்றான் மகேசன், வாயில் புட்டை அடக்கிக்கொண்டு.

"அது நீர் நிண்ட கட்டிடத்தில. நான் முழுக்கக் கேக்கிறன்."

"முழுக்கத்தான் சொல்லுறன். குசினியில என்னைத்தான் விட்டவங்கள். மூண்டு நேரமும் சாப்பாட்டுக் கோப்பை எண்ணிறது நான்தான். ஒண்டு ரெண்டு பேரை வெளியில விட்டாலும் கோப்பை மிஞ்சும், எனக்குத் தெரியும்."

"உம்மட நம்பர் என்ன?"

"முந்நூத்திப் பன்னிரண்டு."

"பாத்தீரோ?" யோகநாதன் பிடித்துக்கொண்டார். "நீரே முந்நூத்திப் பன்னிரண்டு. அப்ப முந்நூறு பேர் இல்லாமல் எப்பிடி?"

மகேசன் கையை உதறிவிட்டு நிமிர்ந்தான். பாவம், தான் எதை உடைக்கிறோம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்!

"அது அண்ணை, எங்களை நாலு பஸ்ஸிலதானே கொண்டுபோனவங்கள். முதல் பஸ்ஸுக்கு ஒண்டில இருந்து நம்பர் போட்டவங்கள். ரெண்டாவதுக்கு நூத்தியொண்டில இருந்து. மூண்டாவதுக்கு இருநூத்தியொண்டு. நாங்கள் நாலாவது. எவன் எந்த பஸ்ஸில வந்தவன் எண்டு நம்பரைப் பாத்த உடன தெரியோணுமாம். ஒரு பஸ்ஸில என்ன, நாப்பது பேர் வரும்."

ஆனந்தராசா யோகநாதனின் மடியில் கிடந்த தாளை எட்டிப் பார்த்தார்.

"அப்ப இருநூத்தி ஐம்பது, அறுவதில?" என்று பத்திநாதன் கேட்டார்.

"அப்பிடி ஒரு நம்பரும் இல்லை அண்ணை. நாப்பதோட சரி. பஸ்ஸில ஏறாத ஆக்களைப் பிறகு ஒருத்தரும் உயிரோட காணேல்லை."

பத்திநாதன் தம்பியின் பெயரைச் சொன்னார். ஆனந்தராசா மருமகனின் பெயரைச் சொன்னார். யோகநாதன் சட்டைப்பையிலிருந்து குகதாசனின் படத்தை எடுத்து நீட்டினார். மகேசன் கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தான். இல்லையென்று சொல்வதற்கு அவன் பட்ட பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. எல்லா முகமும் தனக்குத் தெரியும், சாப்பாடு போட்ட கை இது என்று மட்டும் சொல்லித் தலையைக் குனிந்துகொண்டான்.

யோகநாதன் மடியில் இருந்த தாளைப் பார்த்தார். இப்போது நிரல் போடவே தேவையிருக்கவில்லை. 7, 132, 219, 305, 18, 336, 240, 111... இரண்டு வருடமாகத் தன் கையாலேயே எழுதியவை. எந்த நூறிலாவது ஒன்று நாற்பதுக்கு மேல் ஏறியிருந்ததா? நூற்று நாற்பத்தொன்பது பெயர் சேர்ந்திருந்தது. இன்னும் ஐந்தே ஐந்து பெயர்தான் வரவேண்டியது. அந்த ஐந்து பேரையும் மகேசன் ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டான்.

"யோகண்ணை" என்றார் பத்திநாதன். "துவக்கில உந்த விளையாட்டை நீங்கள்தானே கண்டுபிடிச்சனீங்கள்? நூறு நூறாத் தாவினதை?"

"ஓம்."

"அப்ப இது உங்களுக்குத் தெரியாதே?"

"தெரியும் பத்தி. பாக்கேல்லை. பாக்க மாட்டன் எண்டு இருந்திட்டன்."

பத்திநாதன் எழும்பினார். அடிக்கத்தான் போகிறாரோ என்று ஆனந்தராசா நடுவில் வந்தார். அடிக்கவில்லை. "ரெண்டு வருசம் என்ர தம்பி ஒரு பூசை இல்லாமல் கிடந்திட்டான்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஆத்திரத்தில் சொல்லுகிறார், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று ஆனந்தராசா தேற்றப் பார்த்தார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை என்று யோகநாதன் சொன்னார்.

வெயில் கொதித்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானத்தில் அந்த வீதிகளில் நாய்கூட நடக்காது. யோகநாதன் நடந்தார். சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. மற்றவர்களை மோசம் செய்துவிட்டோம் என்ற எண்ணம் ஒரு பக்கம் அறுத்தது. அதைவிட வீட்டில் இருப்பவளிடம் என்ன சொல்லுவது என்பதுதான் நெஞ்சை அடைத்தது. பொய் சொல்லிவிடலாம். மகேசன் கண்டானாம், சுகமாக இருக்கிறானாம் என்று ஒரு வசனம் சொன்னால் அவள் இன்னும் இரண்டு வருடம் ஓட்டிவிடுவாள். இரண்டு சந்தி தாண்டும்வரைக்கும் அந்தப் பொய்யைச் சொல்லத்தான் நினைத்துக்கொண்டு போனார். பிறகு பத்திநாதன் செருப்பைத் தேடிய விதம் நினைவுக்கு வந்தது. படியேறும்போது தன்னால் முடியாது என்று தெரிந்துவிட்டது.

சிவகொழுந்து கட்டிலில் துணியைப் பரப்பி வைத்துக்கொண்டு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தாள். முகாமிலிருந்து ஆள் வந்திருப்பது அவளுக்குத் தெரியும். பெண்கள் போகாத இடம் என்று வீட்டில் இருந்தாளே தவிர, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"வந்த பெடியன் கண்டவனாமே?"

"ஆரை?"

"ஆரை எண்டு கேக்கிறியள்! இருநூத்தி அறுவத்தொண்டை."

யோகநாதன் கதிரையில் உட்கார்ந்தார். ஏறக்குறைய, சராசரியாக, இருக்கலாம் என்று வாழ்நாள் முழுக்கப் பேசிய வாய்.

"அந்த நம்பர் இல்லை, கொழுந்து."

அவள் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள். "அப்ப வேற நம்பரோ? எத்தினையாம்?"

"வேற நம்பரும் இல்லை. நூத்தி ஐம்பத்திநாலு பேர்தான் உள்ள. எல்லாற்ற பேரும் வந்திட்டுது. இனித் தெரியாத ஆள் எண்டு ஒருத்தரும் இல்லை."

"அப்ப எங்கட பிள்ளைக்கு?"

"எங்கட பிள்ளைக்கு அவங்கள் நம்பர் போடவே இல்லை." யோகநாதன் தாளை எடுத்துக் கட்டிலில் வைத்தார். "அவன் பஸ்ஸில ஏறவே இல்லை. நான்தான் உனக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன். அவனை ஊரில விட்டதும் நான், இருக்கிறான் எண்டு சொன்னதும் நான்."

குழறி அழுவாள், தலையில் அடித்துக்கொள்வாள், என் பிள்ளையைக் கொண்டுவா என்று சட்டையைப் பிடிப்பாள் என்று யோகநாதன் நினைத்திருந்தார். பிடித்திருந்தால் அவருக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். சிவகொழுந்து துணியை மடித்தாள். அதை ஒருதரம் விரித்து, மறுபடியும் மடித்தாள். பக்கத்து அறையில் யாரோ டெலிவிஷன் போட்டார்கள், யாரோ குழந்தையை அதட்டினார்கள். அவள் எழுந்து போய் அலமாரியின் மேல்தட்டில் எரிந்துகொண்டிருந்த சின்ன விளக்கை ஊதி அணைத்தாள். சாவு கேட்ட வீட்டில் சாமிக்கு விளக்கு எரியக்கூடாது.

பிறகு கொடியிலிருந்து துவாயை உருவிக்கொண்டு வந்து புருஷனின் கையில் கொடுத்தாள்.

"எழும்புங்கோ. போய் முழுகுங்கோ."

யோகநாதனுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். சாவுச் செய்தி வந்தால் தலையில் தண்ணீர் வார்ப்பதுதான் முதல் வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். இரண்டு வருடமாக இருவரும் தள்ளிப்போட்ட, எந்த அப்பனும் ஆத்தாளும் செய்யப் பயப்படுகிற அந்த ஒன்றை அவள் ஒரே சொல்லில் செய்துவிட்டாள். அவர் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைக்குப் போனார். குழாயைத் திறந்தார். மொட்டைமாடித் தாங்கியில் வெயில் குடித்துக் கிடந்த தண்ணீர் சுடச்சுட வந்தது. முதல் வாளியைத் தலையில் ஊற்றும்போது வாயைப் பொத்திக்கொண்டார், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்கக்கூடாது என்று.

கதவுக்கு வெளியே சிவகொழுந்தின் குரல் கேட்டது.

"முழுவதையும் ஊத்திப்போடாதையுங்கோ. எனக்கும் ஒரு வாளி விடுங்கோ."

அதற்குப் பிறகு அவரால் வாயைப் பொத்த முடியவில்லை.